தூஷணத்துக்கு எதிரான டெமோ

என் வாழ்நாளில் நான் ஒரே ஒரு தடவைதான் தூஷணம் கதைத்திருக்கிறேன். அதுவும் சிங்களத்தில், தொலைபேசியில், நல்ல நிதானத்தோடு. எங்கள் பக்கத்தில் தூஷணம் என்றால் கெட்ட வார்த்தை. அதற்கு வேறொரு பொருள் இருக்கக்கூடும் என்று முப்பத்துமூன்று வயது வரைக்கும் எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பேர்ன் நகரத்து நடுச் சதுக்கத்தில் அப்படி அசடு வழிந்திருக்க மாட்டேன். ஆனால் அப்படி அசடு வழிந்ததைப் பற்றி எனக்கு இன்றுவரை ஒரு வருத்தமும் இல்லை.

தொண்ணூறுகளின் பின்பாதி அது. சுவிஸின் ஆராவில் ஒரு முதியோர் இல்லத்தின் நிலக்கீழ் தளத்தில் எனக்குச் சலவை வேலை. தோய்ப்பதை இயந்திரம் பார்த்துக்கொள்ளும். பெரிய விரிப்புகளை மடிக்கத்தான் ஆள் வேண்டும், அதுவும் இரண்டு பேர். ஒருத்தி இந்த முனையைப் பிடிக்க மற்றவள் அந்த முனையைப் பிடித்து, உதறி, இழுத்து, கிட்ட வந்து முனையைக் கொடுத்து, திரும்பவும் விலகிப் போகவேண்டும். ஒரு நாளைக்கு இருநூறு தடவையாவது ஒருத்தியின் முகத்துக்கு முன்னால் மற்றவள் போய் நிற்பாள். பிடிக்காத ஆளோடு செய்யக்கூடிய வேலை இல்லை.

எங்கள் மேலாளர் ஒரு சுவிஸ்காரர். மனதில் ஒன்றும் இல்லாத மனிதர், ஆனால் வாய் மட்டும் சரியில்லை. இயந்திரம் நின்றால் கொப்ஃபெர்தாமி, பொத்தான் கழன்றால் கொப்ஃபெர்தாமி, மழை பெய்தாலும் அதே சாபம்தான். அவர்தான் ஒரு நாள் புதிதாக வந்த பெண்ணைக் கூட்டிவந்து என் முன்னால் நிறுத்தி, "நீங்கள் இரண்டு பேரும் ஒரே நாடு, கதைத்துக்கொண்டு வேலை செய்யலாம்" என்று பெரிய உதவி செய்தவர்போலச் சிரித்தார். வந்தவர் குருநாகல் பக்கத்துச் சிங்களப் பெண். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். சுவிஸ்காரரைக் கல்யாணம் செய்து வந்திருந்தார். நானோ எஃப் பெர்மிட் என்ற தற்காலிக அனுமதியில் இருந்த அகதி. நாங்கள் இருவரும் முதல் இரண்டு கிழமைகள் வாயே திறக்கவில்லை. விரிப்புகள் மட்டும் ஒழுங்காக மடிந்தன.

மூன்றாவது கிழமை அவர் தன் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து என் பக்கம் தள்ளி, "பாண்" என்றார். பாணும் சம்பலும். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாங்களும் பேக்கரி ரொட்டியைப் பாண் என்றுதான் சொல்வோம். அன்றிலிருந்து எங்களுக்கு ஒரு விளையாட்டுக் கிடைத்தது. விரிப்பின் இரு முனைகளிலும் நின்றபடி இரண்டு மொழியிலும் ஒன்றாக இருக்கும் சொற்களைத் தேடிப் பிடித்தோம். மேசை, அலுமாரி, ஜன்னல், தொப்பி, காலில் போடும் சப்பாத்து, அம்மா, அக்கா. வாலில் ஒரு எழுத்துக் கூடும் குறையும், அவ்வளவுதான். நான் அவரை அக்கா என்றேன். அவர் என்னை நங்கி என்றார், தங்கச்சி என்று பொருள். மிச்சத்தை உடைந்த ஜெர்மனில் சமாளித்தோம். அந்த ஜெர்மனைத்தான் இங்கே தமிழாக்கி எழுதுகிறேன், இல்லாவிட்டால் வாசிக்கிற உங்கள் பாடு பரிதாபம்.

சப்பாத்து, பாண் போன்ற நல்ல சொற்களுக்கு வெளியே எனக்கு வேறு கொஞ்சம் சிங்களமும் தெரியும். அது ராணுவச் சோதனைச் சாவடிகளில் கற்றது. சைக்கிளைவிட்டு இறங்கி வரிசையில் நின்றபோது எங்களைப் பார்த்து எறியப்பட்ட சொற்கள். அவற்றை நான் அக்காவிடம் பொருள் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இருக்கவில்லை.

அந்த நாட்களில் என் மனமெல்லாம் வவுனியாவில் இருந்தது. என் ஒரே தங்கை தன் ஐந்து வயது மகளோடு அங்கே ஒரு முகாமில் இருந்தாள். பிள்ளைக்கு இடது காதில் சீழ். கொழும்புக்குக் கொண்டுபோய் அறுவைச் சிகிச்சை செய்யவேண்டும், பிந்தினால் அந்தக் காது கேட்காமலே போகலாம் என்று முகாமுக்கு வந்த டொக்டர் சொல்லிவிட்டார். கொழும்புக்குப் போக ராணுவத்தின் பாஸ் வேண்டும். பாஸ் கொடுக்கும் அதிகாரி முதல் தடவை போனபோது அவள் கையைப் பார்த்தானாம். அடுத்த தடவை அவளிடமிருந்த இரண்டு காப்பில் ஒன்று போனது. அதற்குப் பிறகும் நாளைக்கு வா, நாளைக்கு வா என்றுதான் பதில். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வவுனியாத் தொலைபேசிக் கடை ஒன்றுக்கு எடுப்பேன், அவள் வந்து காத்திருப்பாள். "என்னெண்டடி, பாஸ் தந்தவங்களோ?" என்று கேட்பேன். "இல்லை அக்கா, மற்றக் காப்பையும் பாத்துக்கொண்டிருக்கிறான்" என்பாள். திங்கட்கிழமை வேலைக்குப் போனால் சிங்கள அக்கா விரிப்பை எடுக்க முன்னமே "பாஸ்?" என்பார். நான் இல்லையென்று தலையாட்டுவேன். உச்சுக் கொட்டுவார்.

ஒரு புதன்கிழமை தேநீர் இடைவேளையில்தான் அவர் அந்தச் சொல்லைச் சொன்னார்.

"சனிக்கிழமை பேர்னில் டெமோ. தூஷணத்துக்கு எதிராக. நங்கி, நீயும் வா."

டெமோ எனக்கு விளங்கியது. ஊர்வலத்துக்கும் ஆர்ப்பாட்டத்துக்கும் இந்த நாட்டில் எல்லாரும் சொல்லும் சொல் அது. எங்கள் ஆட்கள் நடத்திய டெமோக்களில் மழையிலும் பனியிலும் நின்றிருக்கிறேன். தூஷணமும் விளங்கியது. விளங்காமல் என்ன! இரண்டு மொழிக்கும் பொதுவான இன்னொரு சொல் என்று உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன். சுவிஸில் மாட்டுக்காக டெமோ வைக்கிறார்கள், சைக்கிளுக்காக வைக்கிறார்கள். கெட்ட வார்த்தைக்கு எதிராக வைத்தால் என்ன என்றுதான் நினைத்தேன்.

"யாருடைய தூஷணம்?" என்று கேட்டேன்.

"கொழும்பில், மந்திரிமார். பெரிய ஆட்கள் எல்லாரும் தூஷணம்."

அது உண்மைதான் என்று பட்டது. பாராளுமன்றத்தில் அவர்கள் ஒருவரையொருவர் திட்டுவதை வானொலியில் கேட்டிருக்கிறேன். நாடு பற்றி எரிகிற நேரத்தில் என்ன வாய் இது என்று என் மனுசனும் சொல்வார். நான் மேலாளரின் அறையைக் கண்ணால் காட்டி, "அவரும்தானே?" என்றேன். அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். "அவரும்தான், அவரும்தான்! சாக்லேட் பெட்டி!" என்றார். சாக்லேட் எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரியவில்லை. கேட்கவும் இல்லை.

வீட்டில் சொன்னதும், ரெஸ்டோரன்ற் சமையல்காரரான என் மனுசன் மீன் வெட்டிக்கொண்டிருந்த கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

"என்னப்பா, தூஷணத்துக்கு எதிராவோ? அப்ப எங்கடை ரெஸ்டோரன்ற் குசினியை அப்பிடியே ஏத்திக்கொண்டு போம். அரைவாசிச் சனம் திருந்தும்."

"பகிடி விடாதேங்கோ. போகட்டோ, விடட்டோ?"

"சிங்களவரின்ரை டெமோ. எங்கடை ஆக்கள் கண்டால் என்ன சொல்லுவினம்?"

அவர் தமிழ்ப் பள்ளிக்கூட நிர்வாகக் குழுவில் இருந்தவர். நாட்டு அரசியலைவிட அந்தக் குழுவின் அரசியல்தான் அவருக்குத் தலையிடி. நான் விடவில்லை. "கெட்ட வார்த்தை கதைக்காதேங்கோ எண்டு சொல்லுறதிலை சிங்களமென்ன தமிழென்ன?" என்று ஒரு பிடி பிடித்தேன். அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு அவரே ஒரு மட்டையை வெட்டி, ஜெர்மன் வகுப்பில் படித்த எழுத்தையெல்லாம் கூட்டி, பெரிதாக எழுதித் தந்தார். அசிங்கச் சொற்கள் வேண்டாம் என்று பொருள் வரும். அதற்குக் கீழே ஒரு வாய் கீறி அதன்மேல் சிவப்பில் ஒரு குறுக்குக் கோடும் போட்டார். பிள்ளைகள் படம் கீறியதுபோல வடிவாக இருந்தது.

சனிக்கிழமை காலை ரயிலில் மட்டையைத் திருப்பி மடியில் வைத்துக்கொண்டு தனியாகப் போனேன். அக்காவும் புருஷனும் முன்னமே காரில் போய்விட்டார்கள். பேர்ன் நிலையத்துக்குக் கிட்டவிருந்த சதுக்கத்தில் முப்பது நாற்பது பேர் நின்றார்கள். நல்ல வெயில். நான் இருந்த உற்சாகத்தில் மட்டையை உயர்த்திப் பிடித்துக்கொண்டே நடந்து போனேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் வாசித்தார், பக்கத்திலிருந்தவருக்குக் காட்டினார். யாரோ இருமுவதுபோலச் சிரித்தார்கள். அக்கா ஓடிவந்து மட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கீறியிருந்த வாயைப் பார்த்தார். அவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

நல்ல வேளையாகத் தொப்பி போட்ட ஒரு கொழும்பு முஸ்லிம் மனிதர் அங்கே வந்திருந்தார். அவருக்கு இரண்டு மொழியும் தண்ணீர் பட்ட பாடு. நான் தமிழ் என்று கண்டதும் கிட்ட வந்தார்.

"தங்கச்சி, என்ன எழுதிக்கிட்டு வந்திருக்கீங்க?"

"தூஷணத்துக்கு எதிரா எண்டு சொன்னவ."

அவர் வானத்தைப் பார்த்துச் சிரித்தார். "தங்கச்சி, சிங்களத்தில தூஷண எண்டா ஊழல். லஞ்சம், களவு, அதுதான். கெட்ட வார்த்தை இல்ல."

எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. மட்டையைச் சட்டென்று கீழே இறக்கினேன். அக்காவுக்கு அவர் சிங்களத்தில் விளக்கினார். அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே குந்திவிட்டார். சாக்லேட் பெட்டியின் அர்த்தமும் அப்போதுதான் எனக்கு வெளித்தது. முதியவர்களின் பிள்ளைகள் வேலைக்காரருக்கென்று கொடுத்துவிடும் சாக்லேட் பெட்டிகள் மேலாளரின் அலுமாரிக்குள் போய்விடும், எங்களுக்கு ஒன்றும் வராது. நானும் சிரித்தேன்.

சிரிப்பு அடங்கிய பிறகு அவர்கள் கொண்டுவந்த பதாகையை விரித்தார்கள். வெள்ளைத் துணி, நீளமானது. ஒரு முனையை அக்கா பிடித்துக்கொண்டு, வழக்கம்போல மற்ற முனையை என்னிடம் நீட்டினார். வழக்கம்போல நானும் வாங்கிவிட்டேன். அதில் பெரிதாக ஒரு சோடிச் சப்பாத்துப் படம் ஒட்டியிருந்தது. ராணுவச் சப்பாத்து. அடி கழன்று வாயைப் பிளந்திருந்தது. மேலே சிங்களத்தில் என்னவோ எழுதியிருந்தது.

"என்ன எழுதியிருக்கு?" என்று தொப்பி மனிதரைக் கேட்டேன்.

"யுத்தத்தின் பேரால களவெடுக்காதே எண்டு. ராணுவத்துக்குச் சப்பாத்து வாங்கினதில பெரிய ஆக்கள் கொள்ளையடிச்சிட்டாங்களாம். ரெண்டு மாசத்தில அடி கழண்டு போகுதாம்." கொஞ்சம் தயங்கிவிட்டு, "அது இவங்கட தம்பியின்ட சப்பாத்து" என்றார்.

அக்காவின் தம்பி அரசாங்க வேலை, வடக்கில் நிற்கிறான் என்றுதான் எனக்குத் தெரியும். என்ன வேலை என்று அவர் சொல்லவில்லை, நானும் தோண்டவில்லை. எனக்குக் கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. அந்தச் சப்பாத்து எங்கள் ஊர் ஒழுங்கையில் நடந்த சப்பாத்து. அதன் அடி கழன்றால் எனக்கென்ன? அது நல்ல சப்பாத்தாக இருக்கவேண்டும் என்று நான் வெயிலில் நின்று கேட்கவேண்டுமா? துணியின் முனையைக் கீழே போட்டுவிட்டேன். அக்காவின் பக்கத்து முனை மட்டும் அவர் கையில் நின்றது.

அக்கா சிரிப்பதை நிறுத்தினார். "உனக்குச் சொல்லவில்லை. பயமாக இருந்தது" என்றார் ஜெர்மனில். "காலில் புண். தம்பிக்கு இருபத்திரண்டு வயது."

"எனக்குத் தங்கை" என்றேன். "வவுனியாவில். காப்பு. பாஸ்." அதற்கு மேல் என் ஜெர்மன் ஓடவில்லை. அழுகை வந்துவிடும் போலிருந்தது, அதனால் கோபமாகவே நின்றேன். "அதுவும் தூஷணம்தானே அக்கா?"

அவர் என் மட்டையைப் பிடுங்கி, குறுக்குக் கோடு போட்ட வாயை நிலத்துக்குத் திருப்பி, வெறும் பக்கத்தில் கறுப்புப் பேனையால் சிங்களத்தில் எழுதினார். எழுத எழுதத் தொப்பி மனிதர் என் காதில் வாசித்தார். "வவுனியாவில் பாஸுக்கு ஏழைப் பெண்ணின் காப்பை வாங்குகிறார்கள். அதுவும் ஊழல்."

அதைக் கண்டதும் கழுத்துப்பட்டி கட்டிய ஒருவர் வந்தார். டெமோவை ஒழுங்குசெய்தவர் என்று நினைக்கிறேன். மட்டையைக் காட்டி அக்காவோடு கையை ஆட்டி ஆட்டிக் கதைத்தார். தொப்பி மனிதர் எனக்குத் துண்டு துண்டாகச் சொன்னார். இன்றைக்கு ஊழல் மட்டும்தான், தமிழ்ப் பிரச்சினையை இதற்குள் கொண்டுவராதீர்கள், ஆட்கள் பிழையாக நினைப்பார்கள், அதை மடித்து வையுங்கள். மரியாதையாகத்தான் சொன்னார். இரண்டாம் தரமும் சொன்னார். மூன்றாம் தரம் சொல்லிக்கொண்டே மட்டையை எடுக்கக் கை நீட்டினார்.

அப்போது அக்கா அவருக்கு ஒரு சொல் சொன்னார்.

தொப்பி மனிதர் சங்கடத்தோடு என் பக்கம் திரும்பினார். மொழிபெயர்க்க வேண்டாம் என்று கை காட்டினேன். அந்தச் சொல் எனக்குத் தெரியும். பத்தொன்பது வயதில் சைக்கிளைவிட்டு இறங்கி நின்றபோது முதன்முதலாக என் முகத்துக்கு நேரே கேட்ட சொல் அது. அதன் பிறகு எத்தனையோ சாவடியில் கேட்டிருக்கிறேன், ஒவ்வொரு தரமும் குனிந்துகொண்டே கேட்டிருக்கிறேன். எனக்காக யாரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. தூஷணத்துக்கு எதிரான டெமோவில், நடுப்பகலில், என் பக்கம் நின்று அப்படிப்பட்ட தூஷணம்! கழுத்துப்பட்டி மனிதர் நீட்டிய கையை இழுத்துக்கொண்டு பின்னால் போனார். நான் துணியின் முனையைக் குனிந்து எடுத்தேன்.

இரண்டு மணித்தியாலம் நின்றோம். என் இடது கையில் துணி, வலது கையில் மட்டை. அந்தச் சப்பாத்துக்காக நான் நிற்கவில்லை, அதை அக்காவுக்கும் சொல்லிவிட்டேன். அக்கா தலையாட்டினார். கை வலித்தது, ஆனால் சந்தோஷமாக இருந்தேன்.

ஞாயிறு காலையே வீட்டுக்குத் தொலைபேசி வந்துவிட்டது. பேர்னில் கடை வைத்திருக்கும் ஒருவர் கண்டுவிட்டாராம். என் மனுசன் எடுத்தார். மறுபக்கத்துக் குரல் எனக்கும் கேட்டது: "உங்கடை மனுசி சிங்களவரோடை கொடி பிடிச்சுக்கொண்டு நிண்டவவாமே?" இவர் என்ன சொல்லப்போகிறார் என்று நான் குசினி வாசலில் நின்று பார்த்தேன். "ஓம் அண்ணை, தூஷணத்துக்கு எதிரா நிண்டவ" என்றார் இவர். "நானே தான் மட்டை எழுதிக் குடுத்தனான். கேட்டுப் பாருங்கோ, நீங்களும் கொஞ்சம் குறைச்சால் நல்லது." அதோடு வைத்துவிட்டார். அந்த அண்ணை வாய் திறந்தால் என்ன வரும் என்பது ஊருக்கே தெரியும்.

திங்கட்கிழமை நாங்கள் விரிப்பு மடித்தோம். இயந்திரம் நின்றது. மேலாளர் கொப்ஃபெர்தாமி என்றார். நாங்கள் சிரித்த சிரிப்பில் நிலத்தில் விழுந்த ஒரு விரிப்பைத் திரும்பத் தோய்க்கவேண்டி வந்தது. அக்காவின் தம்பி பிறகு நொண்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தான். அவனுக்காக நான் கோயிலில் கும்பிட்டேன் என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் திங்கட்கிழமைகளில் அவர் "பாஸ்?" என்று கேட்டால் நானும் "கால்?" என்று கேட்கப் பழகியிருந்தேன்.

டெமோவால் பாஸ் வரவில்லை. இரண்டாவது காப்பும் போனது, அதன் பிறகுதான் வந்தது. தங்கை பிள்ளையைக் கொழும்புக்குக் கொண்டுபோனாள். காதில் அறுவைச் சிகிச்சை நடந்தது. கட்டு அவிழ்த்த கிழமை, ஞாயிறு பின்னேரம், கொழும்புத் தொலைபேசிக் கடையில் அவளைப் பிடித்தேன். குரல் மாறியிருந்தது. ஒரு வருடத்துக்குப் பிறகு என் தங்கையின் குரலாகவே இருந்தது. பிள்ளை எப்படி என்று கேட்டேன். "கேக்குது போலதானக்கா இருக்கு, ஆனால் வாயைத் திறந்து ஒண்டும் சொல்லுறாள் இல்லை" என்றாள். அவளைச் சிரிக்கவைக்க நினைத்து டெமோக் கதையைச் சொன்னேன். மட்டை, வாய், குறுக்குக் கோடு, தொப்பி மனிதர், எல்லாம். அவள் சிரித்துச் சிரித்துப் புரையேறினாள்.

"அந்த அக்கா என்ன சொல் சொன்னவ?" என்று கேட்டாள்.

"சீ, அதை எப்பிடியடி சொல்லுறது?"

"சொல்லக்கா."

திரும்பிப் பார்த்தேன். மனுசன் பல்கனியில் பூச்சட்டிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். வாயைத் தொலைபேசிக்குக் கிட்டக் கொண்டுபோய், அந்தச் சொல்லை எழுத்துப் பிசகாமல், அக்கா சொன்ன அதே அழுத்தத்தோடு சொன்னேன். பத்தொன்பது வயதிலிருந்து உள்ளே கிடந்தது, வெளியே வந்ததும் நெஞ்சுக்கு நல்ல சுகமாக இருந்தது.

மறுபக்கத்தில் தங்கையின் குரல் அல்லாத ஒரு குரல் கேட்டது, மெல்லியது, தள்ளி நின்ற யாருக்கோ சொன்னது. காது எப்படி என்று பார்க்கத் தங்கை அந்த நேரம் பார்த்துப் பிள்ளையின் இடது காதில் ரிசீவரை வைத்திருக்கிறாள்.

"அம்மா," என்றது பிள்ளை. "பெரியம்மா தூஷணம் கதைக்கிறா."